சத்துமாவு என்று எழுதிய பொட்டலம்

காஞ்சிபுரம்
7ஆம் தேதி, வியாழக்கிழமை

அன்பு மகன் தப்ரேஸுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விசாரிக்காதே, விசாரித்தால் அதற்குச் செல்லம் கூடிவிடுகிறது. நீயும் மருமகள் நஸ்னீனும் அந்த வெயிலில் நலமாக இருக்க துஆ செய்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நீ கேட்பாய். வீட்டில் உருது பேசினாலும் எழுத எனக்குத் தமிழ்தான் வரும், அதுவும் எட்டாம் வகுப்போடு நின்ற தமிழ், பொறுத்துக்கொண்டு படி. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். போதாததற்கு வீட்டில் இப்போது ஒரு புதுச் சட்டம், கசகசா என்கிற வார்த்தையைப் போனில் யாரும் உச்சரிக்கக் கூடாதாம், துபாய்க்குப் போகிற பேச்சையெல்லாம் அரசாங்கம் ஒட்டுக் கேட்குமாம். நஸ்னீனுக்குச் சமையல் குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தையும் பிரிப்பாங்களே என்றார், என் கையெழுத்தைப் பிரித்துப் படிக்கிற அரசாங்கம் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எதிர்வீட்டு மணிவண்ணன் மகள் சிம்ரன் நர்ஸ் வேலைக்கு அங்கே வந்து, நான் கொடுத்தனுப்பிய பையை உன்னிடம் சேர்த்தாள் அல்லவா. நார்த்தங்காய் ஊறுகாய், நஸ்னீனுக்கு இரண்டு நைட்டி, உனக்கு நல்லெண்ணெய் எல்லாம் இருந்திருக்கும். குருமா மசாலா எங்கே என்று நீ போனில் கேட்டதற்கு உன் அப்பா, உங்கம்மா மறந்துட்டாடா என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம், அதில் இது ஒன்று. நான் மறக்கவில்லை. நஸ்னீன் கல்யாணமாகி அங்கே போன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், மாமி, மசாலாவில் கசகசா மட்டும் வேண்டாம், இங்கே விடமாட்டார்கள் என்று. நீயும் சொன்னாய். காதில் விழுந்தது, அதற்கு மேல் உள்ளே போகவில்லை. கசகசாவில் சீக்கிரம் வண்டு வைக்கும், அதற்காகத்தான் வெளிநாட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று நானாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். கசகசா போடாத வெள்ளைக் குருமாவை நீ எப்படித்தான் வாயில் வைக்கிறாயோ என்கிற கவலையும் சேர்ந்துகொண்டது. வண்டு வராதபடி இரண்டு தரம் வறுத்தேன், முந்திரியும் பொட்டுக்கடலையும் சேர்த்து மாவாக அரைத்தேன், அரைக் கிலோ வந்தது. நஸ்னீன் பார்த்தால் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவாளே என்று பொட்டலத்தின் மேல் சத்துமாவு என்று எழுதி ஒட்டினேன். மாமியார் புத்தி என்று சிரிப்பாய், சிரி. அந்தப் பொட்டலத்தைச் சிம்ரன் பெட்டியில் அவளுடைய வெள்ளை யூனிஃபார்மின் மடிப்புக்குள் என் கையாலேயே வைத்தேன். அவளிடமும் சத்துமாவு என்றுதான் சொன்னேன்.

இதில் அவள் அண்ணன் லோகேஸ்வரன் எப்படி வந்தான் என்றால், அவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நம் வீட்டில்தான் சாப்பிடுகிறான், உன் அப்பா ஜும்மா தொழப் போயிருக்கும் நேரம் பார்த்து. இது உனக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் போன வாரத்துக்கு முந்தின வாரம் வரை தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் நீ லீவில் வந்திருந்த சமயம் வாலாஜாபாத் ரோட்டில் கைக்குட்டைக்குள் அடங்குகிற கஞ்சாப் பொட்டலத்தோடு அவனைப் பிடித்தார்கள் இல்லையா, அந்தக் கேஸ் இன்றைக்கும் வாய்தா மேல் வாய்தாவாக நடக்கிறது. கேஸ் இருப்பதால் போலீஸ் சான்றிதழ் கிடைக்கவில்லை, ஷார்ஜாவில் கிடைத்த வேலை போனது, பொண்ணு கொடுப்பதாகச் சொன்னவர்களும் பின்வாங்கிவிட்டார்கள். இப்போது குட்டியானை வண்டி ஓட்டுகிறான், தறிக்காரர்களுக்குப் பாவும் நூலும் ஏற்றிக்கொண்டு போகிறான். அவன் போக வேண்டிய வெளிநாட்டுக்குத்தான் தங்கை போனாள். உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறியில் பட்டு டிசைன் விழுவதற்கு அட்டையில் ஓட்டை அடிக்கிற மனுஷன், அட்டையில் ஒன்று ஓட்டை இருக்கும் அல்லது இருக்காது, அவருக்கு உலகமும் அப்படித்தான். கஞ்சாவோ மாத்திரையோ எல்லாம் ஒரே ஹராம், தொட்டவன தெருவுல வெக்கக் கூடாது என்று மனு எழுதி முதல் கையெழுத்தும் அவரே போட்டார். அன்றிலிருந்து லோகேஸ்வரன் வணக்கம் வைத்தால் கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் சிம்ரன் புறப்பட்டாள். ராகு காலம் முடியட்டும் என்று மணிவண்ணன் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வாடகைக் காரைக் கிளப்பினார். லோகேஸ்வரனுக்குக் கூரத்தில் ஒரு லோடு இறக்க வேண்டியிருந்ததால் தங்கையை வாசலிலேயே வழியனுப்பிவிட்டு, லோடை இறக்கிவிட்டு, வழக்கம்போல் சாப்பிட வந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். குருமாவை ஊற்றிக்கொண்டே, உன் தங்கச்சி பெட்டியில் நான் என்ன ஒளித்து வைத்திருக்கிறேன் தெரியுமா என்று பெருமையாகச் சொன்னேன். கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. பாயம்மா, கசகசாவா, அது அங்க கேஸும்மா, கசகசா வெச்சிருந்தவன்லாம் உள்ள போய்க்கினு இருக்கான், அது அபின் செடியோட வெதம்மா என்றான். மூன்று வருடம் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தவனுக்கு எந்தச் செடிக்கு எந்தச் சட்டம் என்று மனப்பாடம். மேலே சத்துமாவு என்று எழுதியதையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். பேர வேற மாத்தி எழுதினீங்களா, அப்ப அது கடத்தல்தாம்மா என்றான். அந்தப் பெண் ஆறு வருடம் ஆசுபத்திரி, படிப்பு, பரீட்சை என்று உழைத்துப் போகிறாள், என் நாக்கு ருசிக்கு அவளைச் சிறையில் தள்ளிவிட்டேனே என்று அழுதேன். போன் போட்டால் சிம்ரனின் பழைய நம்பர் அவள் அம்மாவின் மடியில் அடிக்கிறது, புது நம்பர் அங்கே போய்த்தான் உயிர் பெறும். மணிவண்ணன் தன் போனைச் சார்ஜில் போட்டு அப்படியே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த நேரத்தில்தான் உன் அப்பா தொழுதுவிட்டு உள்ளே வந்தார், தன் வீட்டு நடுக்கூடத்தில் லோகேஸ்வரன் கையில் குருமாவோடு நிற்பதைப் பார்த்தார்.

கத்துவதற்கு வாயைத் திறந்தவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். திறந்த வாய் அப்படியே இருந்தது. பிறகு மூன்று பேரும் குட்டியானையில் ஏறினோம். இரண்டு பேர் உட்காருகிற இடம், நான் ஜன்னல் ஓரம், உன் அப்பா நடுவில், மூன்று வருடம் முகம் பார்க்காதவனின் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு. ஒவ்வொரு தரம் அவன் கியர் போடும்போதும் அவர் முழங்காலை நகர்த்தி வழிவிட வேண்டியிருந்தது. வாலாஜாபாத் தாண்டும் வரை பொறுத்தார். அதற்கப்புறம், இதுக்குத்தான் சொல்றேன், எல்லாத்தையும் அடியோட தடை பண்ணணும் என்று ஆரம்பித்தார். அடியோடன்னா உங்க வூட்டு குருமாலருந்து ஆரம்பிக்கணும் பாய் என்றான் அவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டேன். அவன் விடவில்லை. கனடால கஞ்சாவ கடை போட்டு, ரசீது குடுத்து விக்கறான். நம்ம ஊர்ல சாராயத்த அரசாங்கமே விக்குது. துபாய்ல கசகசாவுக்கு ஜெயிலு. இதுல எது பாய் ஒரே ஹராம் என்றான். சாராயக் கடையயும் மூடு என்றார் உன் அப்பா, அந்த விஷயத்தில் அவர் நியாயஸ்தர்தான். மூடினால் கள்ளச்சாராயம் குடித்துச் சாவார்கள் என்றான் இவன். அப்ப தொறந்து வுட்டுடலாமா, பள்ளிக்கூட வாசல்ல கஞ்சாக் கடை வெப்பியா என்று கேட்டார். அதற்கு அவன் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. வேணாம் பாய், நான் இழுத்தவன், எனக்குத் தெரியும், அது ஒருத்தனுக்கு வெளையாட்டா போயிடுது, இன்னொருத்தன அப்படியே குந்த வெச்சுடுது, கடை வைன்னு நான் சொல்லல, இழுத்தவன டாக்டர்கிட்ட அனுப்பு, கோர்ட்டுக்கு அனுப்பாத, அவ்ளோதான் கேக்கறேன் என்றான். உன் அப்பா அதற்கு, எம்புள்ளயும் இதே தெருவுலதான் வளந்தான், அவன் இப்டிப் போனானா என்றார். லோகேஸ்வரன் கியரை மாற்றினான். சாலையையே பார்த்து ஓட்டினான். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரகடம் வந்தபோது எனக்கும் பேச்சு வந்தது. உன் அப்பாவின் அக்கா, உன் பூப்பி, புற்றுநோயில் கடைசி நாலு மாதம் நம் வீட்டில்தானே கிடந்தார். வலியில் அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது, உனக்கு நினைவிருக்கும். ஊரில் எந்த மருந்துக் கடையிலும் அந்த மார்ஃபின் மாத்திரை இல்லை, வைத்துக்கொள்ளவே பயப்படுகிறார்கள். உன் அப்பா சென்னைக்குப் போய் வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போலீஸ்காரர் ஏறினால் வியர்த்து, வீடு வந்து சேருவார். அதை வேளை தவறாமல் கொடுத்து, பூப்பிக்குத் தலை வாரிவிட்டுப் போனவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்த இந்தச் சிம்ரன். மாத்திரை போட்ட முதல் நாள் பூப்பி எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார், உன் அப்பா வெளியே போய் அழுதுவிட்டு வந்தார். அந்த மாத்திரையும் இதே கசகசாச் செடிதாங்க, சிம்ரன் சொல்லியிருக்கா என்றேன். எனக்கு யாராவது சட்டம் போடுகிற வேலையைக் கொடுத்தால் கசகசாவை என் அஞ்சறைப் பெட்டியில் வைப்பேன், மாத்திரையைப் பூட்டிச் சாவியை டாக்டரிடம் கொடுப்பேன், வலி என்று வருகிறவனை அவர் அலைய விடக் கூடாது என்றும் எழுதுவேன். கஞ்சா என்று வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. விற்கட்டும் என்று எழுத மனம் இல்லை, பிடித்துப் போடு என்று எழுதவும் மனம் இல்லை.

மீனம்பாக்கம் போய்ச் சேரும்போது மணி நாலரை ஆகப் பத்து நிமிடம். உள்ளே போயிருப்பாள், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். பார்த்தால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தூணோரம் தள்ளுவண்டியின் மேல் சிம்ரன் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறாள். எமகண்டம் நாலரைக்கு முடிகிறது, அதற்குள் காலை உள்ளே வைக்கக் கூடாது என்று மணிவண்ணன் பிடித்து வைத்திருக்கிறார். இத்தனை நாள் அவருடைய பஞ்சாங்கத்தைக் கேலி செய்தவர் உன் அப்பா, அன்றைக்கு அவரைக் கட்டிக்கொண்டார். பெட்டியைத் திறந்தோம். பொட்டலம் ஓர் ஓரத்தில் பிரிந்து யூனிஃபார்ம் முழுக்க மாவு. ஒரு துளி கூடப் போகக் கூடாது என்று லோகேஸ்வரன் சொன்னதால் ஒவ்வொரு துணியாக எடுத்து உதறினோம். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைத்ததில்லை உன் அப்பா, அவர் குந்தி உட்கார்ந்து அந்தப் பெண்ணின் துணிகளைத் தட்டித் தட்டி மடித்து வைத்தார். தாடி, தொப்பி, ஜிப்பா முழுக்க வெள்ளைப் பொடி, கையில் பொட்டலம். அந்தக் கோலத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். என்ன பாய் இது என்றார். லோகேஸ்வரனின் முகம் வெளுத்துவிட்டது, கேஸ் உள்ளவன் அல்லவா. உன் அப்பா எழுந்து நின்று, குருமா மசாலா சார், கசகசா போட்டது, எங்க வூட்ல தெரியாம வெச்சுட்டாங்க, புள்ள மாட்டிக்கக் கூடாதுன்னு எடுக்கறோம் என்று இருந்ததை இருந்தபடி சொன்னார். போலீஸ்காரர் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தார். நல்லா வறுத்திருக்காங்க, இந்தக் கதவு வரைக்கும் இது குருமா, அந்தாண்ட போனா வேற, சீக்கிரம் எடுத்துக்கினு போங்க என்று சொல்லிவிட்டு நடந்தார். சிம்ரன் என்னைத் திட்டுவாள் என்று தலை குனிந்து நின்றேன். அவள் என் முழங்காலில் தைலம் தடவச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாலரை தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

திரும்பி வரும்போது அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போடவும் உன் அப்பாவுக்குப் பயம், மடியில் வைத்துக்கொள்ளவும் பயம். என்கிட்ட குடுங்க பாய், எம்மேல ஏற்கனவே ஒண்ணு இருக்குது, இன்னொண்ணு சேந்தா என்ன என்று லோகேஸ்வரன் வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். உன் அப்பா சிரித்தார், தப்ரேஸ். மூன்று வருடத்தில் அவன் பேச்சுக்கு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். வீட்டு வாசலில் இறங்கியதும், சாப்பாட பாதில வுட்டுட்டியே, வந்து சாப்ட்டு போடா என்றார்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரியத்துக்கு வருகிறேன். இருபத்தெட்டாம் தேதி லோகேஸ்வரனுக்கு மறுபடி வாய்தா. உன் அப்பா தானாகவே வக்கீலைப் போய்ப் பார்த்து, பையனுக்காக நான் கோர்ட்டில் வந்து நாலு வார்த்தை சொல்கிறேன் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். என்ன சொல்லப் போகிறார் என்று நேற்று எனக்கு ஒப்பித்துக் காட்டினார். இவனும் எம்புள்ள தப்ரேஸும் ஒண்ணா படிச்சவங்க, ஒரே தெருவுல வளந்தவங்க, எம்புள்ள நேரா நின்னான், இவன் கொஞ்சம் சறுக்கிட்டான், மன்னிச்சு வுடுங்க ஐயா, இதுதான் அவர் பேச்சு. கேட்டுக்கொண்டே அரிசி களைந்தேன், களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்தேன். லோகேஸ்வரனைப் பிடித்த மறுநாள் உன் சட்டையைத் துவைக்க எடுத்தது நான்தான். பையில் சுருட்டுகிற தாள் இருந்தது, அதில் ஒட்டிக்கொண்டிருந்த பச்சைத் தூளும் இருந்தது. அந்தப் பொட்டலம் இரண்டு பேருக்காக வாங்கியது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ முன்னால் கிளம்பிவிட்டாய், அவன் பின்னால் வந்தான், அவன் பையைத் தடவினார்கள். அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு தரம் அவனிடமே கேட்டேன், அதெல்லாம் கேக்காதீங்க பாயம்மா, இன்னும் கொஞ்சம் சோறு வைங்க என்றான். போலீஸிடமும் உன் பெயரைச் சொல்லவில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை, குட்டியானையில் உன் அப்பா அப்படிக் கேட்டபோதும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவனுக்கு நான் சோறு போடுவது பிரியத்தால் மட்டும் இல்லை, வெட்கத்தாலும்தான்.

திரும்பி வந்து கோர்ட்டில் நில் என்று உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு நல்லவள் நான் இல்லை. ஆனால் உன் அப்பா அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது லோகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டு நிற்பான், அதைப் பார்க்க என்னால் முடியாது. அதனால் இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த பிறகு நீ போன் செய்ய வேண்டும். நஸ்னீனிடம் முன்னாலேயே சொல்லிவிடு. ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, உன் வாயாலேயே அப்பாவிடம் சொல்லு. அவர் கத்துவார், கத்தட்டும். லோகேஸ்வரன் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான், அதற்கு நான் பொறுப்பு.

அல்லாஹ் உன்னையும் நஸ்னீனையும் எல்லா ஆபத்திலிருந்தும் காக்கட்டும், உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும். சிம்ரனை லீவு நாளில் சாப்பாட்டுக்கு அழை, குருமாவுக்கு முந்திரி மட்டும் போதும். நான் சொன்ன தேதியை மறக்காதே. மறந்தாலும் பாதகமில்லை, இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன், இருபத்து மூன்றாம் தேதி காலையில் உன் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். கோர்ட்டில் சொல்ல வேண்டிய பேச்சை மாற்றி மனப்பாடம் செய்ய அவருக்கு நாலு நாளாவது வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரம்ஜான் பீ